வேகனோடு போனவர்

மூளை மண்டையோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, பார்ப்பதும் கேட்பதும் நினைப்பதும் அங்கேதான் நடக்கிறது என்று பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். சுகாதாரப் பாடத்தில் அது நாலே வரி. கரும்பலகையில் ஒரு தலையை வரைந்து, உள்ளே நெளிநெளியாகக் கோடு போட்டு, "இதுதான் மூளை, இங்கேதான் நாம் இருக்கிறோம்" என்பேன். ஒரு வருஷம் வந்தது, அதிலிருந்து அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம் சில மாசம் என் வீட்டுக்காரர் அங்கே இல்லை. எங்கே இருந்தார் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குழப்பம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது தீருகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் குழப்பத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

அப்போது உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஊர். ஊர்க்காரர்கள் எல்லோரும் பயிர் செய்கிறவர்கள்தான். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து நிரம்பியதும், ஏரை விட்டுவிட்டுப் பட்டாளத்துச் சாமான் டிப்போவில் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பெரிய ரயில் பாதையிலிருந்து ஒரு கிளைத் தண்டவாளம் போட்டு டிப்போவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். சைடிங் என்பார்கள். கூட்ஸ் வேகன்கள் அங்கே வந்து நிற்கும், பெட்டிகளை ஏற்றுவார்கள், சாயங்காலம் எங்கேயோ போகும். எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு அங்கே, வேகனுக்குள் நின்று ஏறுகிற பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. நான் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும். கல்யாணமாகித் தனியாகப் போயிருந்த கொழுந்தன் அடுத்த தெருவில்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பழக்கம். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். என் வகுப்பில் அதே பெயரில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவனை மட்டும் "கடைசி பெஞ்சு" என்றுதான் கூப்பிடுவேன். அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றிய பிறகும் அவன் கடைசி பெஞ்சுதான். என் மாமியார் கதை இன்னும் மோசம். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். தாத்தா என்றால் அவளுக்கு மாமனார். மாமனார் பெயரை மருமகள் எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளையைப் பிறந்த நாளிலிருந்து "நைனா" என்றே கூப்பிட்டாள். கொழுந்தனுக்கு அவர் அண்ணாத்தே. சைடிங்கில் கணக்குப்பிள்ளை. எனக்கு "இந்தாங்க." ஆக, அந்த மனுஷனுக்கு வைத்த பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிற ஜீவன் ஒன்றுகூட வீட்டிலும் இல்லை, வெளியிலும் இல்லை. அது ஒரு குறையென்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

பங்குனி மாதம் ஒருநாள் மத்தியானம், வேகனுக்குள் அடுக்கியிருந்த பெட்டி சரிந்து அவர் தலையில் விழுந்தது. நான் வகுப்பில் இருந்தேன். சைடிங் மேஸ்திரி ஆள் அனுப்பினார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ரயிலில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தார். அங்கேயும் பெயர் கிடையாது, கட்டில் நம்பர்தான். அப்புறம் கண் திறந்தார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண் திறந்திருந்ததே தவிர, உள்ளிருந்து யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சோறு வைத்தால் சாப்பிடுவார். கையைப் பிடித்தால் நடப்பார். என்னைப் பார்த்து, "ஏம்மா, நீங்க யாரு ஊட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டார். கல்யாணமான நாளாக, "இன்னா டீச்சரு, இன்னிக்கு எந்தப் புள்ளய அடிச்ச?" என்று சீண்டாமல் அவர் செருப்பைக் கழற்றியதில்லை. எரிச்சலாக வரும் எனக்கு. அந்த எரிச்சலுக்காக ஏங்கிப்போனேன்.

இன்னொன்றும் இருந்தது. பாயில் உட்கார்ந்தால் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். ரயிலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆடுகிற ஆட்டம். நடுநடுவே, "இன்னும் நிக்கல" என்பார். என்ன நிற்கவில்லை என்று கேட்டால் திரும்பவும் அதையே சொல்வார்.

பட்டணத்து டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், எரிந்து விழாமல் விளக்கினார். அடிபட்ட மூளை கடைசியாகக் கேட்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டு விடாதாம். ரயிலடியில் வேலை செய்தவருக்கு ரயில் சத்தம். நாளாக நாளாக ஆறலாம், ஆறாமலும் போகலாம் என்றார். எனக்கு அது புரிந்தது. நான் சொல்லிக்கொடுக்கிற நாலு வரிக்குள் அது அடங்கியது.

மாமியாருக்கு அடங்கவில்லை. எங்கள் பக்கத்தில், விழுந்து பயந்து புத்தி தப்பியவர்களுக்கு ஒன்று செய்வார்கள். விழுந்த இடத்துக்குப் போய், அங்கே நின்று கூப்பிட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். "வா, வா, ஊடு வந்துச்சி, தோ தெரு வந்துச்சி" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, அந்த மண்ணை நீரில் குழைத்து நெற்றியில் இடவேண்டும். அவ்வளவுதான், ஆள் வந்துவிடுவார். இதற்காக மாமியார் ஒருநாள் டிப்போவுக்குப் போனாள். காவல்காரன் கேட்டைத் தாண்ட விடவில்லை. முள்கம்பி வேலிக்கு வெளியே ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு, "நைனா, வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே வெயிலில் நடந்து வந்தாள். நெற்றியில் இட்டாள். அவர் ஆடிக்கொண்டே இருந்தார்.

"அது அவன் வுழுந்த எடம் இல்ல. வேலிக்கு இந்தாண்ட எடுத்தா எப்பிடி வருவான்? ஏம்மே, நீ இங்கிலீஸ் படிச்சவதானே, தொரைகிட்ட கேட்டு என்னை உள்ள இட்டுகினு போ."

எனக்குக் கோபம் வந்தது. "அத்தை, அடிபட்டது தலையில. மண்ணு பூசினா ஆறிடுமா?"

"தலையில அடிபடலன்னு நான் சொன்னனா? அடிபட்டப்ப பயந்துகினு வெளிய வந்துட்டான். திரும்பிப் போக வழி தெரியாம அங்கயே நின்னுகினு கீறான். யாராவது போயி இட்டுகினு வரணுமா, வேணாமா?"

மூளை என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கப்போனேன். கரும்பலகை இல்லாததால் அடுப்புக்கரியால் தரையில் தலையை வரைந்தேன். அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நீ எங்க கீற, காட்டு" என்றாள். நெளிகோட்டில் ஓர் இடத்தில் விரலை வைத்தேன். வைத்த பிறகுதான், எந்த நெளியில் வைப்பது என்று எனக்குத் தெரியாமல் வைத்தேன் என்பது உறைத்தது. தரையைத் துடைத்துவிட்டு, நாளைக்குப் போகலாம் என்றேன்.

மேஸ்திரி ஏற்பாடு செய்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூடவே ஒரு வடக்கத்திச் சிப்பாய் வந்தான். தண்டவாளம் முழுக்க வேகன்கள், எல்லாம் ஒரே காவி நிறம். மாமியார் முந்தானையை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். எந்த இடம் என்று கேட்டாள். மேஸ்திரி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா நீங்க? அவரு எங்க மண்ணுல வுழுந்தாரு? வேகனுக்குள்ள இல்ல வுழுந்தாரு. அந்த வேகனை அன்னிக்கு சாயங்காலமே ரொப்பி, சீல் வெச்சி, இட்டுகினு பூட்டாங்க."

"எங்க?"

"வடக்கால பூட்ச்சின்னு தெரியும். அதுக்கு மேல எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

மாமியார் தண்டவாளத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிப்பாயை நிமிர்ந்து பார்த்து, "எம்புள்ளய எங்கடா இட்டுகினு போனீங்க?" என்று கேட்டாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. தாகமென்று நினைத்துத் தன் தண்ணீர்க் குப்பியை நீட்டினான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். விழுந்த இடமே எழுந்து போய்விட்டது என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. "இன்னும் நிக்கல" என்று அவர் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவரிடம் யாரும் வேகன் கிளம்பியதைச் சொல்லவில்லை. எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

ஆனால் வேகனில் வேலை செய்கிறவருக்கு வேகன் போகும் என்று தெரியாதா? தினமும் சாயங்காலம் போகிறதைப் பார்த்தவர்தானே? அடிபட்ட மூளைக்குள் அது கிடந்திருக்கும். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் எனக்கு நானே இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமியார் அன்றைக்கு அவரைக் கூப்பிடாமலே வந்தாள்.

அதன்பிறகு என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. காலையில் சுகாதாரப் பாடம். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும், சுவரில் தொங்கும் இந்தியா படத்துக்கு முன்னால் நின்று, சென்னையிலிருந்து விரலை வைத்து ரயில் கோட்டின்மேல் வடக்கே நகர்த்திக்கொண்டே போவேன். கல்கத்தா, அதற்கு மேலே அஸ்ஸாம், அதற்கப்புறம் கோடு நின்றுவிடும். சண்டை அந்தப் பக்கம்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வேகன் அங்கேதான் போயிருக்க வேண்டுமென்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. இருந்தும் என் விரல் தினமும் அங்கேயே போய் நின்றது. ஒருநாள் தலைமை ஆசிரியர் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு யாத்திரை போகிற உத்தேசமோ?" என்றார். பூகோளப் பாடத்துக்குத் தயார் செய்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் ஒருநாள் அவர் போர்வையை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு, "மழை விடமாட்டேங்குது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாளும் சொன்னார். பிறகு தினமும் மழைதான். அஸ்ஸாம் பக்கத்தில் எங்களுக்கு முன்னாலேயே மழை தொடங்கிவிடும் என்று பூகோளப் புத்தகத்தில் இருக்கிறது, நானே நடத்தியிருக்கிறேன். பயந்துபோய் வெளியே வந்தேன். பக்கத்து வீட்டில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தில் தானியம் விழுகிற சத்தம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மழை போலத்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நாள் அந்த வீட்டுக்காரர்கள் ஊரிலேயே இல்லை. அன்றைக்கும் மழை என்றார். சரி, நேற்றுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறதாக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. அதுதான் என்னைக் கொன்றது.

இதற்கிடையில் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. கூட்ஸ் வண்டி ஊதுகிற சத்தம் கேட்டால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார், ரயில் பாதையைப் பார்த்து. ஒரு தடவை ரயில்வே கேட்காரர் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். இன்னொரு தடவை கொழுந்தன் ஓடிப்போய் இழுத்து வந்தான். அன்றைக்கு அவன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, இது சரிப்படாது. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் வண்டில அடிபட்டு செத்துப்பூடுவாரு. கீழ்ப்பாக்கத்து பைத்தியக்கார ஆஸ்பத்திரில சேத்துடலாம். அங்க பூட்டி வெச்சிப் பாத்துக்குவாங்க. எழுதிக் குடுக்கவேண்டியது நீங்கதான்."

அவன் கெட்டவன் இல்லை. சொல்லும்போதே கண் கலங்கியது. நான் நம்புவதெல்லாம் உண்மை என்றால், அவன் சொன்னதுதான் சரி. மூளை கெட்டுப்போன மனுஷரை அதற்கான இடத்தில் சேர்க்கவேண்டும். ஆனால் மாமியார் சொல்வதில் அரைக்கால் பங்காவது உண்மை என்றால்? அந்த வேகன் ஒருநாள் காலியாகத் திரும்பி இதே சைடிங்குக்கு வரும். அப்போது அவர் இங்கே இல்லாமல் பூட்டின அறைக்குள் இருந்தால், வந்தவர் யாரைத் தேடிப் போவார்? இப்படி யோசித்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. படித்த பொம்பளை. ஆடி முடியட்டும், எழுதித் தருகிறேன் என்று கொழுந்தனிடம் சொன்னேன். அவர் உயிர் என் கையெழுத்தில் தொங்கியது. அந்தக் கை எந்த நினைப்பை நம்புவது என்று தெரியாமல் கிடந்தது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு விடுமுறை நாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூட்ஸ் ஊதியது. திரும்பிப் பார்த்தால் பாய் காலி. ஈரக் கையோடு ஓடினேன். பின்னாலேயே மாமியார் ஓடிவந்தாள்.

ரயில்வே கேட்டைத் தாண்டிச் சைடிங் பிரிகிற இடத்தில் அவரைப் பார்த்தேன். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். எதிரே காலி வேகன்களை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. வேகமில்லை, ஆனாலும் இரும்பு. தள்ளுகிற இன்ஜின் கடைசியில் இருந்ததால் டிரைவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. வண்டிக்குக் கொடி காட்டுகிறவன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். "இந்தாங்க! இந்தாங்க!" என்று அலறினேன். ஊரிலுள்ள எல்லாப் பெண்டாட்டிகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஏன் திரும்புவார்? "நைனா!" என்று மாமியார் தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் பக்கத்தில் நைனா என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். வேலை செய்துகொண்டிருந்த கூலிக்காரர்கள் சிலர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. வேகனை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே போனார்.

அப்போது என் வாயிலிருந்து அவர் பெயர் வந்தது. நான் யோசிக்கவில்லை. முழுப் பெயரையும், அத்தனை ஆண்களுக்கு நடுவில், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் நின்றார். திரும்பினார். யாரென்று தேடினார். என்னைக் கண்டதும் முகம் சிவந்தது. என்னைத் திட்டுவதற்காகவே தண்டவாளத்தை விட்டு இறங்கி விறுவிறுவென்று வந்தார். அவருக்குப் பின்னால் வேகன்கள் தடதடவென்று கடந்துபோயின.

"இன்னா டீச்சரு, நாலு பேருக்கு நடுவுல பேர் சொல்லிக் கூப்டற? அறிவு கீதா உனுக்கு?"

நான் சரளைக்கல்லின்மேல் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எது எதென்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் ஏன் வேட்டி ஒழுங்காகக் கட்டாமல் அங்கே நிற்கிறோம் என்று கேட்டார்.

மாமியார் என் பக்கமே பார்க்கவில்லை. நின்றுவிட்ட வேகன்களில் ஒன்றைக் காட்டி, "தோ, அதான்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். எல்லாம் ஒரே காவி நிறம். மேஸ்திரியைக் கெஞ்சி அந்த வேகனின் தரையிலிருந்து ஒரு பிடி தூசியைக் கூட்டி வாங்கி வந்து, அவர் நெற்றியில் இட்டாள். "இன்னாம்மா இது அழுக்கு" என்று அவர் துடைத்துக்கொண்டார்.

தெருவெல்லாம் அவள் சொன்னது இதுதான்: வேகன் வந்தது, பிள்ளை வந்தான். நான் பெயரைச் சொன்னதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினாள். வெகு நாள் கழித்து, அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொன்னாள். "எனுக்கும் வாய் வரைக்கும் வந்துச்சிம்மே, எத்தினியோ வாட்டி. மாமனாரு பேராச்சே. முழுங்கிட்டேன்." அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூளை ஆறிவந்த சமயத்தில் பழக்கமில்லாத ஒரு சத்தம் பலமாகத் தாக்கியிருக்கிறது, அதனால் விழித்துக்கொண்டது என்றார். பொருத்தமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். நான் மட்டும் அன்று மாலையே வீட்டில் அவரிடம் கேட்டிராவிட்டால் அந்தத் தலையாட்டலோடு என் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும்.

"இத்தனை மாசம் எங்க போயிருந்தீங்க?"

"எங்க போனேன்? வேகன்லதான் இருந்தேன். கதவைச் சாத்திகினு பூட்டானுங்க."

"இருட்டா இருந்திருக்குமே?"

"உள்ள இருட்டுதான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வெளிய எல்லாம் தெரிஞ்சிது. மழை. மலை. பொம்பளைங்க முதுவுல கூடைய மாட்டிகினு, கயித்த நெத்தில போட்டுகினு நடந்து போறாங்க."

கூடையை இடுப்பில் வைப்பார்கள், தலையில் வைப்பார்கள். நெற்றியில் கயிற்றைப் போட்டு முதுகில் தொங்கவிடுகிற கூடையை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்போதுதான் அடுப்படி அலமாரியில் நான் மிளகாய் போட்டு வைத்திருந்த பழைய தேயிலை டப்பா ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். டப்பாவில் மலை இருந்தது, பெண்கள் இருந்தார்கள், முதுகில் கூடை இருந்தது. பல வருஷமாக அவர் பார்த்த டப்பா. அதிலிருந்துதான் வந்திருக்கிறது! எனக்கு வந்த சந்தோஷத்தில் டப்பாவை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, இவங்கதான். ஆனா இதுல மழை இல்லியே."

டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும், "நீ இன்னா இன்ஸ்பெக்டரா?" என்று சிரித்துவிடுவார். அவருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. போனார், வந்தார். திரும்பவும் சைடிங் வேலைக்குப் போனார்; வேகனுக்குள் மட்டும் ஏறமாட்டார், வெளியே நின்றுதான் எண்ணுவார். என்னைத்தான் அது விடவில்லை. பெயரால் வந்தாரா, வேகனால் வந்தாரா? பெயரால் என்றால், அது காது வழியாக மூளைக்குப் போன வெறும் சத்தம்தானா? வேகனால் என்றால், அவர் மண்டைக்குள் இல்லாமல் அத்தனை தூரம் எதை வைத்துக்கொண்டு பார்த்தார்? அப்படியானால் நான் எங்கே இருக்கிறேன்? பாடம் நடத்தும்போது இதெல்லாம் வந்து குறுக்கே நிற்கும். "இதுதான் மூளை" என்பதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் போவதற்கு முன்னால் இவர் போய்விட்டார். விஷக்காய்ச்சல். ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. பகல் வேளை, வீடு நிறைய ஜனம். வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்து எழுந்தார். கொழுந்தன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மாமியார் அழவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கூப்புடுமே. யாரு இருந்தா உனுக்கு இன்னா? நீ கூப்ட்டா வருவான்."

கூப்பிட எழுந்தேன். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். ஓட்டுச் சந்து வழியே தெரிந்த ஆகாசத்தைப் பார்த்தேன். தூரத்தில் கூட்ஸ் ஊதியது. அந்தப் பக்கமும் பார்த்தேன். கடைசியில் எந்தப் பக்கமும் இல்லாமல், நடு வீட்டில் நின்று, அவர் பெயரை இரண்டாவது தடவையாக உரக்கச் சொன்னேன். எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டு, திட்டுவார் என்று காத்திருந்தேன்.